பரண்மேல் கிடக்கும் பாதரச விளக்குகள்

நீலகிரி மலையின் தென்மேற்கு மூலையில், குந்தா வட்டத்தின் மஞ்சூரிலிருந்து வாசகி ஒருவர் எழுதிய மடல் நம் மேசையில் இருக்கிறது. அவர் கேட்டிருப்பது இது: "எங்கள் வீட்டுப் பரணில் ஒரு சாக்கு நிறைய அணைந்துபோன சி.எஃப்.எல். விளக்குகள் கிடக்கின்றன. பழைய இரும்பு வாங்குகிறவர் தொடமாட்டேன் என்கிறார். குப்பையில் போடலாமென்றால், பாடப்புத்தகத்தில் படித்துவிட்டு வந்த மகள் தடுக்கிறாள். இன்னும் எரிந்துகொண்டிருக்கும் இரண்டையும் கழற்றிவிட்டு எல்.இ.டி. போடுவதா, தாமாக அணையும்வரை விட்டுவைப்பதா என்றும் தெரியவில்லை. இத்தனை தொல்லை உள்ள விளக்கை எதற்காக வீட்டுக்கு வீடு வாங்கச் சொன்னார்கள்?"

கேள்விகள் மூன்று. கடைசிக் கேள்விக்கு விடை கண்டால் மற்ற இரண்டும் எளிதாகும். ஆகவே அங்கிருந்தே தொடங்குவோம்.

நம் பாட்டன்மார் காலத்துக் குண்டு பல்பு, உண்மையில் விளக்கு என்பதைவிட அடுப்பு என்பதற்கே நெருக்கமானது. உள்ளே இருக்கும் டங்ஸ்டன் கம்பி மின்சாரத்தால் வெண்சூடாகி ஒளிர்கிறது. அது உண்ணும் மின்சாரத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவே கண்ணுக்குப் புலனாகும் ஒளியாகிறது, எஞ்சியதெல்லாம் வெப்பமாகிறது. எரியும் பல்பைத் தொட்டு விரல் சுட்டுக்கொண்ட சிறுவன் எவனும் இதற்குச் சான்று கூறுவான்.

குழல் விளக்கின் வழி வேறு. கண்ணாடிக் குழலின் உள்ளே மிகச் சிறிதளவு பாதரச ஆவி இருக்கிறது. அதன் ஊடே மின்சாரம் பாயும்போது கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிர் எழுகிறது. குழலின் உட்புறம் பூசப்பட்ட வெண்ணிறப் பொடி அக்கதிரை ஏற்று, கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாற்றித் தருகிறது. பாதரசம் இல்லையேல் குழல் விளக்கு இல்லை. அது தவறுதலாகக் கலந்த அழுக்கன்று. விளக்கின் உயிரே அதுதான். இதை மனத்தில் இருத்திக்கொண்டால் பின்னால் வரும் செய்திகள் தெளிவாகும்.

டியூப்லைட் அமெரிக்காவில் 1938-ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்தது. 1973-இல் எண்ணெய் நெருக்கடி உலகைக் குலுக்கியபோது, அந்த நீண்ட குழலை மடித்துச் சுருட்டி, குண்டு பல்பு மாட்டும் அதே ஹோல்டரில் மாட்ட முடியுமா என்ற ஆராய்ச்சி சூடுபிடித்தது. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் பொறியியலாளர் எட்வர்ட் ஹாமர் 1976-இல் சுருள் வடிவக் குழலைச் செய்து காட்டினார். அதைத் தயாரிக்கப் புதிய ஆலைகள் அமைக்கப் பெருஞ்செலவாகும் என்று நிறுவனம் அதனைக் கிடப்பில் போட்டது. 1980-இல் பிலிப்ஸ் நிறுவனம் வேறொரு வடிவில் முதல் விளக்கைக் கடைக்குக் கொண்டுவந்தது. உள்ளே இரும்புச் சோக் வைத்த அந்த விளக்கு கையில் எடுத்தால் கனக்கும். 1985-இல் ஓஸ்ராம் நிறுவனம் சோக்குக்குப் பதிலாக மின்னணுச் சுற்றைப் பொருத்திற்று. நாம் அறிந்த சி.எஃப்.எல். அதன் வழித்தோன்றலே.

இந்தியாவில் இவ்விளக்கு நெடுங்காலம் செல்வர் வீட்டுப் பொருளாகவே இருந்தது. இரண்டாயிரத்துக்குப் பிறகு விலை இறங்கிற்று. 2009 பெப்ரவரியில் மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகம் "பசத் விளக்குத் திட்டம்" என்பதைத் தொடங்கி, குண்டு பல்பைக் கொடுப்பவர்க்கு 15 ரூபாய்க்கு ஒரு சி.எஃப்.எல். தர ஏற்பாடு செய்தது. தமிழகத்திலும் பின்னர் குடிசைகளின் ஒற்றை விளக்கு இணைப்புகளில் 40 வாட் பல்பை நீக்கி 9 வாட் சி.எஃப்.எல். பொருத்தும் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2008 முதல் ஆறேழு ஆண்டுகள் நம் மாநிலம் பட்ட மின்வெட்டுத் துன்பத்தை எவரும் மறந்திருக்க முடியாது. அந்நாளில் இன்வெர்ட்டர் வைத்திருந்த வீடுகளில் குண்டு பல்பு போட்டால் பேட்டரி விரைவில் படுத்துவிடும், சி.எஃப்.எல். போட்டால் பிள்ளைகள் படித்து முடிக்கும்வரை தாங்கும். விளம்பரத்தைவிட அந்த அனுபவமே இவ்விளக்கை வீடுதோறும் சேர்த்தது என்பது நம் கருத்து.

அரசு ஏன் இவ்வளவு முனைந்தது என்பதற்கு மஞ்சூர் வாசகிக்கு அவர் ஊரிலிருந்தே கணக்குச் சொல்லலாம். மஞ்சூரைச் சுற்றியுள்ள மலைகளே குந்தா நீர்மின் திட்டத்தின் இருப்பிடம். கனடா நாட்டு உதவியுடன் கொழும்புத் திட்டத்தின்கீழ் கட்டப்பட்டு, 1960-ஐ ஒட்டி முதல் நிலையங்கள் இயங்கத் தொடங்கின. அப்பர் பவானியின் நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே அவலாஞ்சிப் பக்கம் வருகிறது. அவலாஞ்சி, எமரால்டு ஏரிகளின் நீர் குந்தா மின்நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து கெத்தை, பரளி, பில்லூர் என்று படிப்படியாகக் கீழே விழுந்து, ஒவ்வொரு படியிலும் மின்சாரம் தருகிறது. ஒரே நீர் பலமுறை உழைக்கும் இந்த ஏற்பாட்டை நேரில் கண்டவர்கள் வியக்காமல் திரும்புவதில்லை. இந்நிலையங்கள் அனைத்தும் சேர்ந்த திறன் 550 மெகாவாட்டுக்கும் மேல்.

இப்போது ஒரு கூட்டல் பெருக்கல். 60 வாட் குண்டு பல்பின் ஒளியை ஏறத்தாழ 14 வாட் சி.எஃப்.எல். தந்துவிடும். மிச்சம் 46 வாட். ஒரு கோடி வீடுகளில் மாலை ஏழு மணிக்கு ஒரே ஒரு பல்பு இவ்வாறு மாறினால் மிச்சம் 460 மெகாவாட். அதாவது, மலைகளைக் குடைந்து, அணைகள் எழுப்பி, ஆண்டுக்கணக்கில் ஆயிரமாயிரம் பேர் உழைத்துக் கட்டிய குந்தா திட்டத்தின் பெரும்பகுதிக்கு ஈடான மின்சாரம், பல்பை மாற்றுவதாலேயே கிடைத்துவிடுகிறது. புதிதாக ஒரு பள்ளத்தாக்கை நீரில் மூழ்கடிக்க வேண்டுவதில்லை. அரசு பல்பைக் கையிலெடுத்ததில் வியப்பென்ன?

"மின்சாரம் எங்கள் ஊரில்தானே பிறக்கிறது, எங்களுக்கு எதற்குச் சிக்கனம்?" என்று மலைமேல் சிலர் கேட்பதுண்டு. கேட்பதில் நியாயத்தின் சாயல் இல்லாமலில்லை. உயரழுத்தக் கம்பிகள் தலைக்கு மேல் செல்லும் ஊர்களில், நீண்ட கம்பியின் கடைக்கோடியில் இருக்கும் தோட்ட லயன்களுக்கு மாலையில் மங்கலான மின்சாரமே வந்து சேரும் கொடுமையை இங்குள்ளோர் அறிவர். ஆனால் குந்தாவில் பிறக்கும் மின்சாரம் குந்தாவுக்கென்று தனியே நிற்பதில்லை. மாநிலம் முழுவதற்குமான ஒரே வலையில் கலந்துவிடுகிறது. கம்பியின் கடைக்கோடியில் இருப்பவருக்கோ சிக்கனத்தால் நேரடியான ஓர் ஆதாயமும் உண்டு. ஒரே கம்பியில் தொங்கும் நாற்பது வீடுகளும் குறைவாக இழுத்தால், கடைசி வீட்டுக்கு வந்து சேரும் அழுத்தம் உயரும்.

சரி, வீட்டுக் கணக்குக்கு வருவோம். 60 வாட் பல்பு நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்துக்கு 18 யூனிட். அதே ஒளிக்கு 14 வாட் சி.எஃப்.எல். 4 யூனிட்டும் சில்லறையும். 9 வாட் எல்.இ.டி. 3 யூனிட்டுக்கும் குறைவு. ஆறு குண்டு பல்புகள் எரியும் வீட்டில் விளக்குக்கு மட்டுமே 108 யூனிட் போய்விடும்.

இங்கே ஒரு விந்தையைக் கவனிக்க வேண்டும். தமிழகத்தில் 2016 முதல் வீடுகளுக்கு இரு மாதத்துக்கு 100 யூனிட் கட்டணமின்றி வழங்கப்படுகிறது. இரண்டு மூன்று பல்புகளும் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியும் மட்டுமே உள்ள ஏழை வீடு இந்த நூறுக்குள் அடங்கிவிடும். அவ்வீட்டார் கையிலிருந்து பணம் போட்டுச் சிக்கன விளக்கு வாங்கினால், கட்டணச் சீட்டில் ஒரு காசும் குறையாது. மிச்சமாவது அரசின் மின்சாரம். செலவாவது ஏழையின் பணம். ஆகவேதான் இவ்விளக்குகளை 15 ரூபாய்க்கும் இலவசமாகவும் கொடுத்தது கருணைச் செயல் மட்டுமன்று, நியாயமும் ஆகும் என்கிறோம். நூறு யூனிட்டைத் தாண்டும் வீடுகளுக்கோ, படி ஏற ஏறக் கட்டணமும் ஏறுவதால், ஆதாயம் தெளிவாகவே தெரியும்.

இதுவரை சொன்னவை சி.எஃப்.எல். விளக்கின் நன்மைகள். இனிக் குறைகள். சமவெளியில் தெரியாத சில குறைகள் மலையில் தெரிந்தன.

முதலாவது குளிர். பாதரச ஆவியின் அழுத்தம் வெப்பநிலையைப் பொறுத்தது. குளிரில் ஆவி குறைகிறது. ஆவி குறைந்தால் ஒளி குறைகிறது. மதுரையில் சுவிட்சைப் போட்டதும் சில நொடிகளில் முழு ஒளி தரும் விளக்கு, அவலாஞ்சிப் பள்ளத்தாக்கில் உறைபனி படியும் சனவரி விடியலில் மங்கலாகத் தொடங்கி, நிமிடக்கணக்கில் கழித்தே தெளியும். அதிகாலையில் எழுந்து அடுப்பு மூட்டி, கொழுந்து பறிக்கப் புறப்படும் பெண்ணுக்கு வெளிச்சம் உடனே வேண்டும். ஆறிப்போன விளக்கு அவருக்காக அவசரப்படுவதில்லை.

இரண்டாவது, அடிக்கடி போட்டு அணைத்தால் இதன் ஆயுள் குறையும். உறையின்மேல் 6,000 மணி நேரம் என்று அச்சிட்டிருப்பார்கள். குண்டு பல்புக்கு 1,000 மணி நேரம் என்று கொண்டால் ஆறு மடங்கு. ஆனால் அந்தக் கணக்கு, ஒருமுறை போட்டால் சில மணி நேரம் தொடர்ந்து எரியும் விளக்குக்கானது. கழிவறையில் ஒரு நாளைக்கு இருபது முறை, ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடம் என்று எரியும் விளக்குக்கு அது பொருந்தாது. ஒரே நாளில் வாங்கிய இரு விளக்குகளில் கூடத்து விளக்கு ஆண்டுக்கணக்கில் எரிய, குளியலறை விளக்கு விரைவில் கறுத்துப்போனதற்குக் காரணம் கடைக்காரரின் மோசடி அன்று.

மூன்றாவது மழைக்காலம். தென்மேற்குப் பருவமழை இம்மலையின் மேற்கு முகத்தில் எவ்வளவு கடுமையாக மோதும் என்பதை 2019 ஆகஸ்டு காட்டிற்று. அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. மரம் விழும், கம்பி அறும், மின்சாரம் போகும். போன மின்சாரம் திரும்பி வரும் முதல் நொடியில் அழுத்தம் எகிறுவதுண்டு. சி.எஃப்.எல். விளக்கின் அடிப்பாகத்தில் இருக்கும் மின்னணுச் சுற்று அந்த அடியைத் தாங்காது. குழல் நன்றாக இருக்கும், சுற்றுத்தான் இறந்திருக்கும். சில மின்பொருள் கடைகளில் அதைப் பிரித்துப் பழுது பார்த்துக் கொடுத்தவர்களும் உண்டு. மின்சாரம் போனதும் எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்துவிட்டு, வந்து சில நிமிடங்கள் கழித்துப் போடும் பழக்கம் இன்றைய எல்.இ.டி. விளக்குகளுக்கும் நல்லதே.

இவ்விளக்கைப் பற்றிப் பொறியியலாளர்கள் கூறும் குறை ஒன்றுண்டு. வீட்டு மீட்டரில் அது தெரியாது. மலிவான சி.எஃப்.எல். விளக்குகளின் திறன்காரணி அரையை ஒட்டியே இருக்கும். விளக்கு உண்பது 14 வாட் ஆயினும், கம்பியிலும் மின்மாற்றியிலும் ஓடும் மின்னோட்டம் 25 வாட் பல்புக்கு உரிய அளவாக இருக்கும். அப்படிப் பார்த்தாலும் அறுபதுக்கு இருபத்தைந்து மேல். இதை ஒரு பெருங்குற்றமாகச் சொல்ல நமக்கு மனமில்லை. உறையில் "ஐந்து மடங்கு ஒளி" என்று அச்சிட்டதுதான் சற்று மிகை. பழைய வாட்டை நான்கால் வகுத்து வாங்கியவர்களே ஏமாறாமல் இருந்தார்கள்.

குண்டு பல்பு வீணாக்கிய வெப்பமும் சிலருக்கு வீணாகவில்லை. கோழிக்குஞ்சுகளைக் கூடையில் வைத்து மேலே ஓர் 60 வாட் பல்பைத் தொங்கவிட்டு மலைக்குளிரிலிருந்து காத்த வீடுகள் பல. சி.எஃப்.எல். போட்டால் குஞ்சுக்கு வெளிச்சம் கிடைக்கும், கதகதப்புக் கிடைக்காது.

இவை எல்லாம் சில்லறைக் குறைகள். பாதரசம் அப்படியன்று.

ஒரு சி.எஃப்.எல். விளக்கில் இருப்பது பொதுவாக 3 முதல் 5 மில்லிகிராம் பாதரசம், குண்டூசி முனையளவு. காய்ச்சல் பார்க்கும் பழைய கண்ணாடி வெப்பமானியில் ஏறத்தாழ ஒரு கிராம் இருக்கும். அதாவது இருநூறு முந்நூறு விளக்குகள் சேர்ந்தால் ஒரு வெப்பமானி. ஆகவே, விளக்கு உடைந்தால் குடும்பமே நஞ்சேறிப் போகும் என்று அஞ்சுவது தேவையற்ற அச்சம். உடையாமல் எரியும் விளக்கிலிருந்து பாதரசம் வெளிவருவதே இல்லை. ஆபத்து ஒரு வீட்டின் ஒரு விளக்கில் இல்லை. கோடி வீடுகளின் விளக்குகள் ஒரே ஓடையில் போய்ச் சேருவதில் இருக்கிறது.

பாதரசம் நீர்நிலையின் அடிச்சேற்றில் நுண்ணுயிர்களால் மீத்தைல் பாதரசமாக மாறி, சிறு மீனிலிருந்து பெரு மீனுக்கும், மீனிலிருந்து மனிதனுக்கும் ஏறிக்கொண்டே செல்லும் இயல்புடையது. ஜப்பானில் மினமாட்டா விரிகுடாவில் சிஸ்ஸோ நிறுவனத்தின் ஆலைக்கழிவால் நேர்ந்த கொடுமை 1956-இல் வெளிப்பட்டது. மீன் தின்ற பூனைகள் துள்ளித் துடித்து மடிந்தன. தாயின் வயிற்றிலிருந்த குழந்தைகள் நரம்பு பாதிக்கப்பட்டுப் பிறந்தன. அந்த ஊரின் பெயராலேயே பாதரச ஒழிப்பு உடன்படிக்கை 2013-இல் உருவாகி 2017-இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2018-இல் அதனை உறுதிசெய்தது.

ஜப்பான் வரை போக வேண்டியதும் இல்லை. நம் கொடைக்கானலில் பாதரச வெப்பமானித் தொழிற்சாலை ஒன்று 1980-களில் அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டு இயங்கியது. பின்னர் இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் உடைமையாயிற்று. பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி உள்ளூர்ப் பழைய பொருள் கிடங்கில் கிடப்பதை 2001 மார்ச்சில் ஊர்மக்கள் கண்டுபிடித்தபின் தொழிற்சாலை மூடப்பட்டது. 2003-இல் கழிவின் ஒரு பகுதி கப்பலேற்றி அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. உடல்நலக் கேடு பற்றிய தொழிலாளரின் குற்றச்சாட்டை நிறுவனம் ஏற்கவில்லை. எனினும் 2016-இல் 591 முன்னாள் தொழிலாளர் தரப்புடன் உடன்பாடு செய்துகொண்டது. பழைய பொருள் கிடங்கு என்பதை மஞ்சூர் வாசகி கவனிக்க வேண்டும். அவர் ஊர்ப் பழைய இரும்புக்காரர் விளக்கை வாங்க மறுத்தது அறிந்து செய்ததோ அறியாமல் செய்ததோ, நன்றே செய்தார்.

சி.எஃப்.எல். ஆதரவாளர்கள் ஒரு வாதம் சொல்வார்கள். நிலக்கரியிலும் சிறிது பாதரசம் உண்டு; அனல்மின் நிலையப் புகைபோக்கி வழியே அது காற்றில் கலக்கிறது; விளக்கு மிச்சப்படுத்தும் மின்சாரத்தால் நிலக்கரி குறைந்து, விளக்கில் உள்ளதைவிட அதிகமான பாதரசம் தடுக்கப்படுகிறது என்பர். வாதம் தவறன்று. ஆனால் கணக்கில் ஓர் இடப்பெயர்ச்சி இருக்கிறது. தடுக்கப்படும் புகை மேட்டூரிலும் தூத்துக்குடியிலும். சரிவில் வீசப்படும் விளக்கோ மஞ்சூரில். மலையூர்களில் குப்பை என்றாலே சரிவில் கொட்டுவது என்ற வழக்கம் இன்னும் முற்றும் ஒழியவில்லை. சரிவின் கீழே ஓடை. ஓடை சேர்வது குந்தா ஆறு. அது சேர்வது பவானி. வழியில் உள்ள பில்லூர் நீர்த்தேக்கத்திலிருந்துதான் கோவை நகருக்குக் குடிநீர் போகிறது. மலைமேல் இருப்பவர் கையில் கீழே இருப்பவரின் தண்ணீர் இருக்கிறது.

இனி, பரணில் கிடக்கும் சாக்கு. முதலில் அதைச் சாக்கிலிருந்து விடுதலை செய்யுங்கள். சாக்கு உருண்டால் எல்லாம் உடையும். கெட்டியான அட்டைப்பெட்டியில் ஒவ்வொன்றையும் செய்தித்தாளில் சுற்றி நிமிர்த்தி வைத்து, மேலே "பாதரச விளக்கு" என்று எழுதி, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். எரிப்பது, புதைப்பது, கிணற்றோரம் போடுவது, காய்கறிக் கழிவுடன் சேர்ப்பது ஆகியவை அறவே கூடாது. 2016-இல் வந்த திடக்கழிவு விதிகள் சி.எஃப்.எல்., டியூப்லைட் இரண்டையும் வீட்டு அபாயக் கழிவு என்று பெயர் சொல்லி வகைப்படுத்தி, அவற்றைத் தனியே பெறும் பொறுப்பை உள்ளாட்சிகளுக்கு வைத்தன. அதே ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகள் தயாரிப்பாளர்களையும் பொறுப்பாளிகள் ஆக்கின. ஆகவே பேரூராட்சி அலுவலகத்தில் கேட்பது சலுகை கேட்பதன்று. தூய்மைப் பணியாளரிடம் மற்றக் குப்பையோடு கலக்காமல், இன்னதென்று சொல்லிக் கையில் கொடுங்கள். சொல்லாமல் கொடுத்தால், வெறுங்கையால் தரம் பிரிக்கும் அவர் விரலில்தான் கண்ணாடி குத்தும்.

ஒருவர் போய்க் கேட்டால் "பிறகு பார்க்கலாம்" என்ற மறுமொழி வரக்கூடும். ஒரு பங்கின் இருநூறு குடும்பங்கள் சேர்ந்து ஒரே நாளில் திரட்டிக் கணக்கெழுதிக் கொண்டுபோனால் மறுமொழி வேறாக இருக்கும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற மறுசுழற்சி நிறுவனங்கள் சில்லறையாக மலை ஏறி வரமாட்டா. மொத்தமாக இருந்தால் வண்டி அனுப்ப வழியுண்டு. இளைஞர் மன்றத்தார் இதை ஆண்டுக்கு ஒருமுறை செய்யலாம்.

வீட்டுக்குள் விளக்கு உடைந்துவிட்டால் செய்ய வேண்டியது இது. பிள்ளைகளையும் நாய் பூனைகளையும் வெளியே அனுப்பி, சன்னல்களைத் திறந்து, மின்விசிறியை நிறுத்தி, பத்துப் பதினைந்து நிமிடம் அறையைவிட்டு வெளியே இருங்கள். துடைப்பம் எடுக்காதீர்கள், துடைப்பம் பொடியைப் பரப்பும், பிறகு துடைப்பமே நஞ்சாகும். இரண்டு கெட்டி அட்டைகளால் சில்லுகளை அள்ளி, மூடியுள்ள கண்ணாடிக் குப்பியில் இடுங்கள். மிச்சப் பொடியை ஒட்டுநாடாவால் ஒற்றி எடுத்து, ஈரத் தாளால் தரையைத் துடைத்து, நாடாவையும் தாளையும் அதே குப்பியில் போட்டு மூடுங்கள். கையைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். கம்பளியின்மேலோ மெத்தையின்மேலோ உடைந்தால் அதை வெளியே கொண்டுபோய் ஒட்டுநாடாவால் ஒற்றிவிட்டு நன்றாகக் காற்றாடவிட வேண்டும். மலைவீடுகளில் குளிருக்கு அஞ்சிச் சன்னலை எப்போதும் மூடியே வைப்பது வழக்கமாதலால் இதைச் சற்று அழுத்தியே சொல்கிறோம்.

எரிந்துகொண்டிருக்கும் இரண்டு விளக்குகளைப் பற்றி: நல்ல நிலையில் எரியும் சி.எஃப்.எல். விளக்கை எல்.இ.டி. விளக்காக மாற்றினால் ஆண்டுக்கு மிச்சமாவது 9 யூனிட் அளவே. அதற்காக உயிரோடிருக்கும் விளக்கைக் கழிவாக்க வேண்டுவதில்லை. கூடத்திலும் சமையலறையிலும், நெடுநேரம் எரியும் இடத்தில், உயரத்தில் இருக்குமானால் அணையும்வரை எரியட்டும். ஒன்றிரண்டு விலக்குகள் உண்டு. பிள்ளைகள் பந்து விளையாடும் இடத்திலோ, கைக்கெட்டும் மேசை விளக்கிலோ இருந்தால் முழுதாக இருக்கும்போதே கழற்றிப் பெட்டியில் வைத்துவிடுங்கள். உடைந்ததைவிட உடையாததைக் கையாள்வது எளிது. மேசை விளக்குக்கு இன்னொரு காரணமும் உண்டு. வெளிமூடி இல்லாத சுருள் விளக்குகள் சிலவற்றில் சிறிது புறஊதாக் கதிர் கசிவதால், நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் 30 சென்டிமீட்டருக்கு நெருங்கி இருக்க வேண்டாம் என்று பிரிட்டனின் சுகாதாரப் பாதுகாப்பு நிறுவனம் 2008-இல் அறிவுறுத்தியது. புத்தகத்தின்மேல் கவிழ்ந்து படிக்கும் மாணவனின் முகத்துக்கும் விளக்குக்கும் இடையே அவ்வளவு தூரம் இருப்பதில்லை.

அணைந்த பிறகு இன்னொரு சி.எஃப்.எல். தேடி அலையவும் வேண்டாம். மினமாட்டா உடன்படிக்கையின் உறுப்பு நாடுகள் 2022-இல் கூடி, வீடுகளில் பயன்படும் இவ்வகை விளக்குகளின் உற்பத்திக்கும் ஏற்றுமதி இறக்குமதிக்கும் 2025-ஐ முடிவாண்டாகக் குறித்தன. 2023-இல் மீண்டும் கூடி, நீண்ட டியூப்லைட்டுகளுக்கு 2027-ஐக் குறித்தன. உலகைக் காக்க வந்ததாகப் பறைசாற்றப்பட்ட விளக்கின் அரசாட்சி நம் வீடுகளில் பதினைந்து ஆண்டுகள்கூட நிலைக்கவில்லை. 2015 சனவரி 5 அன்று உஜாலா திட்டம் தொடங்கியபின் எல்.இ.டி. விளக்கின் விலை சரிந்தது. 2014-இல் 310 ரூபாய்க்கு அரசு கொள்முதல் செய்த விளக்கை 2016-இல் 38 ரூபாய்க்குக் கொள்முதல் செய்ய முடிந்தது. நீல ஒளி எல்.இ.டி. கண்டுபிடித்த அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவருக்கும் 2014-இல் நோபல் பரிசு கிடைத்ததை நினைவில் வைத்திருப்போர் இருக்கலாம்.

எல்.இ.டி. விளக்கில் பாதரசம் இல்லை. குளிரில் உடனே முழு ஒளி தரும். மலைக்கு இதைவிட ஏற்ற விளக்கு இதுவரை வரவில்லை. ஆயினும் அதன் மின்னணுச் சுற்றும் இடிமின்னலுக்குத் தப்புவதில்லை; இறந்தபின் அதுவும் மின்னணுக் கழிவே. சந்தையில் பெயரில்லாத மலிவு விளக்குகள் மலிந்துவிட்டன. சில கண்ணுக்குத் தெரியாமல் துடித்துத் தலைவலி தரும். சில ஒரே பருவமழையில் கருகும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையும் உறையில் லூமென் அளவும் இருக்கிறதா என்று பாருங்கள். 60 வாட் பல்புக்கு ஈடாக 700 லூமெனுக்குக் குறையாமல் வேண்டும். வெள்ளொளியா, மஞ்சளொளியா என்பது அவரவர் விருப்பம். படிக்கும் இடத்துக்கு வெள்ளையும், மூடுபனி சன்னலை மூடும் மாலைகளில் குடும்பம் கூடி அமரும் அறைக்கு மஞ்சளும் நமக்கு உகப்பானவை.

இறுதியாக ஒரு சிறு குறிப்பு. டிசம்பரில் வாசலில் தொங்கும் காகித நட்சத்திரத்தினுள் பழக்கத்தின் காரணமாக இன்னும் குண்டு பல்பை மாட்டுவோர் இருக்கின்றனர். காற்றில் நட்சத்திரம் ஆடி, சூடான பல்பில் காகிதம் உரசினால் கருகும். 5 வாட் எல்.இ.டி. அதற்கு ஏராளம், இரவு முழுதும் எரிந்தாலும் அரை யூனிட்டுக்கு மேல் ஆகாது. மஞ்சூர்ப் பனியில் ஹோல்டருக்குள் ஈரம் இறங்காதவாறு மேலே ஒரு பிளாஸ்டிக் மூடி கவிழ்த்துக் கட்ட மறவாதீர்கள்.